சடைப் பின்னல் ரொட்டி அடுப்பில் வைத்ததும் ஏன் கலைகிறது?

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு அம்மிணி கேட்டிருக்கிறார். வெளிநாட்டுச் செய்முறை ஒன்றைப் பார்த்து நாலு கப் மைதா, ஒன்றேகால் கப் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு முட்டை, கால் கப் எண்ணெய், அரைக் கப் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் ஈஸ்ட் போட்டுப் பிசைந்து, மூன்று கால் சடையாகப் பின்னி ஓடிஜி என்கிற சின்ன மின்சார அடுப்பில் வைத்தாராம். பின்னல் தட்டையாகப் பரவி, திரிகள் ஒன்றோடொன்று ஒட்டி, மேலே கறுத்து, உள்ளே பிசுபிசுவென்று வந்துவிட்டது. அடுத்த தடவை மாவைக் கெட்டியாக்கி இறுக்கிப் பின்னியிருக்கிறார், பக்கவாட்டில் வெடித்துவிட்டது. முட்டை தொடாத அத்தைக்கு முட்டையில்லாமல் செய்ய வழி இருக்கிறதா என்பது கூடுதல் கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் பின்னலில் தப்பே இல்லைங்க. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் காலை அவசரத்தில் ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிவிட்ட கைக்கு மூன்று திரி மாவைப் பின்னுவது ஒரு வேலையே இல்லை. இந்த ரொட்டியைச் சொல்லித்தருகிற எல்லோரும் பின்னலைப் பற்றியே படம் படமாகப் போடுகிறார்கள், ஆனால் பின்னல் நிற்பதும் கலைவதும் பெரும்பாலும் மாவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, சமையலறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்கிற இரண்டைப் பொறுத்துத்தான். இருபது, இருபத்திரண்டு டிகிரி சமையலறையில் உட்கார்ந்து எழுதிய செய்முறையை பங்குனி வெயிலில் கோபியில் கடிகாரம் பார்த்து அப்படியே செய்தால் எந்தக் கை பின்னினாலும் கலையத்தான் செய்யும்.

உங்கள் அளவையே எடுத்துக்கொள்வோம். மைதா டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் ஒரு கப் 140, 145 கிராம் நிற்கும். நம் வீடுகளில் செய்வதுபோலச் சலித்துவிட்டு, கரண்டியால் போட்டு, மேலே மட்டம் தட்டினால் 120 கிராம்தான். நாலு கப்பில் இது கிட்டத்தட்ட 100 கிராம் வித்தியாசம், அதாவது ஒரு ரொட்டியின் தலையெழுத்தே மாறிப்போகிற வித்தியாசம். இப்போது தண்ணீர்க் கணக்கு. ஒன்றேகால் கப் என்றால் 300 மில்லி, அதோடு ஓடு நீக்கிய முட்டை ஒன்று சுமார் 50 கிராம், அதில் முக்கால் பங்கு தண்ணீர், ஆக இரண்டு முட்டையிலிருந்து 75. மொத்தம் 375. அந்தச் செய்முறையை எழுதியவர் அள்ளி அளந்திருந்தால் அவர் கையில் 580 கிராம் மாவு, மாவின் எடையில் 65 சதவீதத் தண்ணீர். நீங்கள் சலித்து அளந்திருந்தால் 480 கிராம் மாவு, 78 சதவீதத் தண்ணீர். அதுவும் அவருடையது பெரும்பாலும் புரதம் 12, 13 சதவீதம் இருக்கிற பிரட் மாவு, நம் மைதா 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வது அந்தப் புரதம் என்பதால் அதே ஈரம் நம் மைதாவில் இன்னும் இளக்கமாகத் தெரியும். இதற்கு மேல் எண்ணெயும் சர்க்கரையும் மாவை இளக்கத்தான் செய்யும். அந்த மாவு பின்னலாக நிற்கவே முடியாது.

எனவே முதல் செலவு ஒரு டிஜிட்டல் தராசு. கப்பை ஓரமாக வைத்துவிடுங்கள், ரொட்டிக்கு அது ஆகாது.

மைதா வாங்கும்போது பாக்கெட்டின் பின்னால் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று போட்டிருப்பதைப் பாருங்கள், 11 என்று இருந்தால் நல்லது. பேக்கரிப் பொருட்கள் விற்கிற கடைகளில் குளூட்டன் பொடி, அதாவது கோதுமைப் புரதப் பொடி, கிடைக்கும், அரைக் கிலோ மைதாவுக்கு 10 கிராம் சேர்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும், ஆனால் அது இல்லாவிட்டால் ரொட்டி வராது என்றெல்லாம் இல்லை. கோதுமை மாவு கலக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அரைக் கிலோவில் 100 கிராம் வரை கலக்கலாம், அதற்கு மேல் போனால் தவிடு மாவின் இழுவையை அறுக்கும், பின்னலின் வழவழப்பு போய்விடும்.

நான் வைத்துக்கொள்ளும் அளவு இது: மைதா 500 கிராம், முட்டை இரண்டு, பால் அல்லது தண்ணீர் 190 மில்லி, சர்க்கரை 50 கிராம், எண்ணெய் 50 கிராம், உப்பு 9 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம். 190 மில்லியை ஒரேயடியாக ஊற்றாமல் இருபது மில்லியைக் கையில் நிறுத்திக்கொண்டு, மாவு வறண்டு தெரிந்தால் மட்டும் கொடுங்கள். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் மெதுவாக, பரோட்டா மாவைவிடத் தெளிவாகக் கெட்டியாக இருந்தால் சரியான பதம். மேசையில் உருட்டி வைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் உருண்டை உருண்டையாகவே இருக்க வேண்டும், தோசை வார்த்ததுபோல அமர்ந்துவிட்டால் ஈரம் அதிகம் என்று அர்த்தம்.

சர்க்கரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். அரைக் கப் என்பது 100 கிராம், உங்கள் மாவுக்கு அது இருபது சதவீதம். சர்க்கரை மாவின் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் ஈஸ்டுக்குக் கிடைக்க வேண்டிய தண்ணீரை அது இழுத்துக்கொள்கிறது, பொங்குவது மந்தமாகும். மேல்தோலும் உள்ளே வேகும் முன்பே கறுக்கும். மேலே கறுப்பு, உள்ளே பிசுபிசுப்பு என்று சொன்னீர்களே, அதில் பாதிப் பழி சர்க்கரை மேல். மீதிப் பழி யார் மேல் என்பதை ஓடிஜி பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

வெள்ளைச் சர்க்கரை வேண்டாம், நாட்டுச் சர்க்கரை போடுவேன் என்றால் தாராளமாகப் போடுங்கள். கவுந்தப்பாடி உங்களுக்குப் பக்கம்தான், பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்து போகிறது. ஆனால் அதைச் சூடான பாலில் கரைத்தால் பால் திரிந்துவிடும், கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, மண் துகளை நீக்கி, ஆறவைத்து ஊற்றுங்கள். கரைக்கிற தண்ணீரையும் 190 மில்லிக்குள்ளேயே அடக்கிவிட வேண்டும். ரொட்டியின் உள்புறம் லேசான பழுப்பாக வரும், மேலே சீக்கிரம் சிவக்கும், அதற்கேற்ப கண் வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுப்பு விஷயத்தில் எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்து வீட்டுக்காரியாக நான் தேங்காய் எண்ணெய்க்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஏலக்காயோடு சேர்ந்தால் வாசனை அருமையாக இருக்கும். செக்குக் கடலை எண்ணெய் சமையலுக்கு ராஜா, இந்த ரொட்டியில் மட்டும் மற்ற எல்லா வாசனையையும் அமுக்கிவிடும். வெண்ணெய் போடுவதென்றால் 60 கிராம், ஊத்துக்குளி வெண்ணெய் கிடைத்தால் பேச்சே இல்லை. ஆனால் கடைந்து எடுத்த வெண்ணெயில் தண்ணீர் கூடக் குறைய இருக்கும் என்பதால் பாலில் பத்து மில்லி குறைத்துத் தொடங்குங்கள். வெயில் காலத்தில் வெண்ணெய் பிசையும்போதே உருகி மாவை எண்ணெய்ப் பிசுக்காக்கும், அந்த இரண்டு மூன்று மாதம் எண்ணெயே நிம்மதி.

இப்போது வெயில் விஷயம். ரொட்டி மாவு பிசைந்து முடிக்கும்போது அதன் சூடு 25, 26 டிகிரியில் இருந்தால் நிதானமாகப் பொங்கும், சுவையும் ஏறும். பேக்கரிக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: வேண்டிய சூட்டை மூன்றால் பெருக்கு, அதிலிருந்து மாவின் சூடு, அறையின் சூடு, பிசைவதால் ஏறும் சூடு மூன்றையும் கழி, மிஞ்சுவதுதான் ஊற்ற வேண்டிய தண்ணீரின் சூடு. 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. ஏப்ரலில் உங்கள் சமையலறை 34, டப்பாவில் இருக்கிற மைதாவும் அதே 34, கையால் பிசைவதற்கு ஒரு மூன்று. 71ஐக் கழித்தால் மிச்சம் 7. அதாவது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர்! செய்முறையோ வெதுவெதுப்பான தண்ணீர் என்கிறது. நீங்கள் அதைச் செய்ததால் மாவு 36, 37 டிகிரியில் தொடங்கி, முதல் அரை மணியிலேயே ஈஸ்ட் தலைகால் தெரியாமல் ஓடி, பின்னி முடித்து இரண்டாவது முறை பொங்க வைக்கும்போது களைத்து, திரிகளும் ஒன்றோடொன்று கரைந்துவிட்டன. கோவை மார்கழிக் காலையில், அறை இருபதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது, அதே கணக்கு வெதுவெதுப்பான தண்ணீரைக் காட்டும். ஊருக்கும் மாதத்துக்கும் தக்கபடி மாறுகிற சங்கதி இது. ஈரோடும் கரூரும் நாற்பதைத் தொடுகிற நாட்களில் ஈஸ்டையும் 5 கிராமிலிருந்து 3, 4 கிராமாகக் குறைத்துவிடுங்கள்.

ஈஸ்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொடிப்பொடியாக இருக்கும் இன்ஸ்டன்ட் வகையை நேரடியாக மாவில் கலக்கலாம், பெரிய மணி மணியாக இருக்கும் வகையை மட்டும் கைபொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். 55, 60 டிகிரிக்குப் போனால் செத்துவிடும். திறந்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வைத்தால் பல மாதம் வரும், அலமாரியில் வைத்தால் நம் வெயிலில் சீக்கிரம் வீரியம் போய்விடும்.

பிசைவது கையால் என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். எண்ணெயை முதலிலேயே ஊற்றிவிடாதீர்கள், மாவு ஒன்றுசேர்ந்து ஐந்து நிமிடம் பிசைந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், இல்லையென்றால் புரதம் ஒன்றோடொன்று கோர்க்கும் முன்பே எண்ணெய் அதைப் பூசிவிடும். கிரைண்டர் ஊர்க்காரர்கள் நாம், கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. டேபிள் டாப் கிரைண்டரோடு மாவு பிசையும் பாகம் வந்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள், பரணில் போட்டு வைக்காதீர்கள். இந்தக் கெட்டி மாவுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். அரைக் கிலோவுக்கு மேல் போட வேண்டாம், மோட்டார் முனகும். பிசைந்த மாவில் கொஞ்சம் எடுத்து விரலால் மெல்ல விரித்தால் கிழியாமல் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு வர வேண்டும்.

முதல் பொங்கல் வெயில் காலத்தில் நாற்பது, ஐம்பது நிமிடத்தில் முடிந்துவிடும், குளிரில் ஒன்றரை மணி கூட ஆகும். அளவு இரண்டு மடங்கானால் சரி, கடிகாரத்தை நம்ப வேண்டாம். எனக்குப் பிடித்த வழி வேறு: ராத்திரி பிசைந்து, அரை மணி வெளியே வைத்துவிட்டு, மூடி போட்ட பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது. எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் அது மெதுவாகப் பொங்கிவிடும், காலையில் குளிர்ந்த மாவு கையில் ஒட்டாது, திரியாக உருட்டினால் நறுக்கென்று உருண்டு நிற்கும், பின்னும்போது இளகாது. கோடையில் பின்னல் ரொட்டி செய்ய இதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியாது. தேங்காய் எண்ணெய் போட்ட மாவு ஃபிரிட்ஜில் கல்லாகிவிடும், அது பயப்பட வேண்டிய விஷயமில்லை, இருபது நிமிடம் வெளியே வைத்தால் இறங்கி வரும்.

திரி உருட்டுவதில்தான் பொறுமை வேண்டும். மேலே சொன்ன அளவுக்கு 900 கிராம் மாவு வரும். வீட்டு ஓடிஜிக்கு அது ஒரே ரொட்டியாக ரொம்பப் பெரிது, இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பாதியையும் தராசில் வைத்து 150 கிராம் வீதம் மூன்றாக்குங்கள், கண்ணளவில் பிரித்தால் ஒரு திரி தடித்து சடை ஒரு பக்கமாகக் கோணும். ஒவ்வொரு துண்டையும் சப்பாத்திக் கட்டையால் நீளவாக்கில் தட்டையாக்கி, உள்ளிருக்கும் காற்றைப் போக்கி, பாயைச் சுருட்டுவதுபோல இறுக்கிச் சுருட்டி, ஓரத்தை அழுத்தி ஒட்டுங்கள். அப்புறம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு உள்ளங்கையாலும் உருட்டுங்கள். பாதி நீளம் வந்ததும் மாவு சுருங்கிச் சுருங்கி உள்ளே போகும், அப்போது மல்லுக்கட்டக் கூடாது. ஈரத்துணி போட்டு பத்து நிமிடம் விட்டுவிட்டு அடுத்த திரியைப் பாருங்கள், திரும்பி வரும்போது சொன்னபடி கேட்கும். முப்பது சென்டிமீட்டருக்கு நடு கொஞ்சம் தடிப்பாக, நுனி இரண்டும் மெலிந்து வந்தால் ரொட்டி நடுவில் உயர்ந்து அழகாக இருக்கும்.

பின்னும் முன் திரிகளின் மேல் மைதாவை மிக லேசாகத் தூவி உருட்டிக்கொள்ளுங்கள். இந்தத் தூசுதான் வெந்த பிறகும் ஒவ்வொரு திரியையும் தனித்தனியாகக் காட்டுகிறது. எண்ணெய் தடவினால் வழுக்கும், பின்னல் பிரிந்துபோகும். மூன்று கால் என்றால் நடுவிலிருந்து தொடங்கி ஒரு பக்கம் பின்னிவிட்டு, ரொட்டியைத் திருப்பி மறுபக்கம் பின்னுங்கள், இரண்டு நுனியும் ஒரே அளவாக வரும். நாலு கால் என்றால் நுனியில் நான்கையும் ஒட்டிவிட்டு, வலது ஓரத்துத் திரியை எடுத்து அடுத்ததன் மேலே, அதற்கடுத்ததன் கீழே, கடைசியின் மேலே கொண்டுபோய் இடது ஓரத்தில் விடுங்கள். மறுபடியும் வலது ஓரம், அதே மேலே, கீழே, மேலே. ஆறு கால் என்றதும் பயப்பட வேண்டாம், அதிலும் வலது ஓரத்துத் திரி இரண்டின் மேலே, ஒன்றின் கீழே, இரண்டின் மேலே, அவ்வளவுதான். எப்போதும் வலது ஓரத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், நடுவில் போன் பேசினால் கணக்கு போச்சு.

இறுக்கிப் பின்னினேன், வெடித்தது என்றீர்கள். தலைமுடிச் சடையை இறுக்கலாம், மாவுச் சடை இன்னும் வளர வேண்டியது. பின்னிய பிறகு அது ஒன்றரை மடங்குக்கு மேல் உப்பும், அடுப்பிலும் முதல் பத்து நிமிடம் உப்பும், இடம் இல்லையென்றால் எங்கே பலவீனமோ அங்கே கிழித்துக்கொண்டு வரும். திரிகளை ஒன்றன் மேல் ஒன்றாகத் தளர்வாகப் படுக்க வையுங்கள், இழுக்காதீர்கள். வெடிப்புக்கு இன்னும் இரண்டு காரணம் உண்டு. ஒன்று, இரண்டாவது பொங்கல் போதாமல் அவசரமாக உள்ளே வைப்பது. இன்னொன்று நம் பக்கத்துக்கே உரியது, காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரை எல்லார் வீட்டு ஜன்னலையும் உலுக்கும். அந்தக் காற்றுப் படுகிற இடத்தில் பின்னலை வைத்தால் கால் மணியில் மேல்தோல் காய்ந்து தோலாகிவிடும், காய்ந்த தோல் விரியாது, கிழியும். ஓடிஜிக்குள்ளேயே, அதை ஆன் செய்யாமல், பக்கத்தில் ஒரு டம்ளர் வெந்நீரோடு வைத்து மூடினால் ஈரமும் நிற்கும், காற்றும் படாது. வெயில் காலத்தில் வெந்நீர் வேண்டாம், ஈரத்துணி போதும்.

இரண்டாவது பொங்கல் எப்போது போதும் என்பதை விரல்தான் சொல்லும். மாவு தொட்ட விரலால் ஓரத்தில் லேசாக அழுத்துங்கள். உடனே துள்ளி மேலே வந்தால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாக எழுந்து ஒரு சின்னக் குழி மிஞ்சினால் சரி. குழி அப்படியே நின்றுவிட்டால் தாண்டிப்போச்சு, அது அடுப்பில் சரியும். பின்னல் ரொட்டியை மட்டும் இரண்டு மடங்கு வரை விடவே கூடாது, அதற்குக் கொஞ்சம் முன்பே உள்ளே தள்ளிவிட வேண்டும்.

மேலே பளபளப்புக்கு ஒரு முட்டையை ஒரு சிட்டிகை உப்போடு அடித்து, பின்னியவுடன் ஒரு தடவை, அடுப்பில் வைக்கும் முன் இன்னொரு தடவை பிரஷ்ஷால் பூசுங்கள். உப்பு முட்டையை இளக்கி ஓட வைக்கும், பூச்சு திட்டுத்திட்டாக நிற்காது. திரிகளின் சந்துக்குள் குளம்போலத் தேங்கவிடாதீர்கள், அது வெந்து ஆம்லெட் மாதிரி ஒட்டி நிற்கும். மேலே வெள்ளை எள்ளோ கசகசாவோ தூவலாம். எள்ளுக்கு நமக்கு என்ன பஞ்சம், சிவகிரிச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது.

ஓடிஜிக்கு வருவோம், மீதிப் பழி இங்கேதான். சின்ன ஓடிஜியில் மேல் ராடுக்கும் ரொட்டிக்கும் நடுவே ஒரு சாண் கூட இருப்பதில்லை, ரொட்டி உப்பினால் இன்னும் நெருங்கும். எனவே கீழ் அடுக்கில் வையுங்கள், மேல் கீழ் இரண்டு ராடும் எரியட்டும், 180 டிகிரியில் கால் மணி முன்சூடு, ரொட்டியை வைத்ததும் 170, 175க்கு இறக்குங்கள். 450 கிராம் ரொட்டிக்கு 25இலிருந்து 30 நிமிடம். பதினைந்தாவது நிமிடத்தில் மேலே நல்ல பழுப்பு வந்துவிட்டால் அலுமினியத் தாளை மேலே கூடாரமாகப் போட்டு மூடிவிடுங்கள், உள்ளே நிம்மதியாக வேகும். ஓடிஜியின் திருகியில் 180 என்று இருப்பதால் உள்ளே 180 இருக்கிறது என்று நம்பாதீர்கள். உள்ளே தொங்கவிடுகிற வெப்பமானி ஒன்று வாங்கிப் போடுங்கள், இருபது டிகிரி முன்னே பின்னே காட்டுகிற ஓடிஜிகள் சாதாரணம். ரொட்டி வெந்ததா என்று பார்க்க, குத்திப் பார்க்கிற வெப்பமானி நடுவில் 90 டிகிரி காட்டினால் வெந்தது. அது இல்லையென்றால் ரொட்டியைத் திருப்பி அடியில் விரலால் தட்டுங்கள், காலிப் பானைச் சத்தம் வர வேண்டும்.

வெட்ட அவசரப்படாதீர்கள். ஒரு மணி நேரமாவது கம்பி வலையில் ஆறட்டும், சூட்டோடு வெட்டினால் வெந்த ரொட்டியும் உள்ளே மாவாகத்தான் தெரியும்.

குக்கரிலோ, மணல் போட்ட வாணலியிலோ செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். ரொட்டி வேகும், ஆனால் மேலே சிவக்காது. வெளுத்த பின்னலைப் பார்க்க எனக்கு மனசு வராது, அதற்கு சும்மா பன்னாகவே செய்துவிடலாம்.

இனி அத்தை விஷயம். முட்டை இல்லாத பின்னல் ரொட்டி சமாளிப்பு வேலை இல்லைங்க, அது சுவிட்சர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீட்டுக்கு வீடு இருக்கிற பண்டம். சோப்ஃப் என்று பெயர், பாலும் வெண்ணெயும்தான் அதன் உயிர், மாவுக்குள் பெரும்பாலும் முட்டை போடுவதில்லை, மேலே மட்டும் பூசுவார்கள். நீங்கள் பார்த்துச் செய்தது அநேகமாக யூதர்களின் ஹல்லா, வெள்ளிக்கிழமை மாலை தொடங்குகிற அவர்களுடைய ஓய்வுநாள் சாப்பாட்டுக்கு இரண்டு ரொட்டியாக வைப்பது. இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்பது அவர்கள் விதி, அதனால் அதில் வெண்ணெய், பால் கிடையாது, எண்ணெயும் முட்டையும்தான். ஆக, அத்தைக்கு ஹல்லாவில் முட்டையைக் கழித்துக் கஷ்டப்படுவதைவிட சோப்ஃப் பக்கம் போவதுதான் புத்திசாலித்தனம்.

அளவு: மைதா 500 கிராம், காய்ச்சி ஆறிய பால் 260 மில்லி, கெட்டித் தயிர் 50 கிராம், வெண்ணெய் 60, சர்க்கரை 25 அல்லது 30, உப்பு 9, ஈஸ்ட் 5. தயிர் சேர்ப்பது என் வழக்கம், சுவிஸ்காரர்கள் கேட்டால் சிரிக்கலாம், ஆனால் ரொட்டி இரண்டாம் நாளும் மெத்தென்று இருக்கிறது. மேலே முட்டைக்குப் பதில் பாலில் கொஞ்சம் சர்க்கரை கரைத்துப் பூசுங்கள், வெளியே எடுத்த சூட்டோடு உருகிய வெண்ணெய் ஒரு பூச்சு. முட்டைப் பூச்சின் கண்ணாடிப் பளபளப்பு இதில் வராது, மங்கலான செம்பழுப்புதான் வரும். அதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை.

ஏலக்காய் பிடிக்கும் என்றால் இரண்டு மாவிலும் எட்டுப் பத்துக் காயை உரித்து, விதையைக் கொரகொரப்பாக இடித்துப் போடுங்கள். நைசான பொடி வேண்டாம், கடிபட வேண்டும். பின்லாந்தில் புல்லா என்று ஏலக்காய் போட்ட பின்னல் ரொட்டியைக் காபியோடு சாப்பிடுகிறார்கள், ஏலக்காய் விளையாத ஊரில் அவ்வளவு ஆசை. நமக்கு மலை ஏறி இறங்கினால் ஏலக்காய். பட்டை போட ஆசைப்பட்டால் மட்டும் மாவில் கலக்காதீர்கள், பட்டை ஈஸ்டை மந்தமாக்கும். திரியைச் சுருட்டும் முன் உள்ளே நாட்டுச் சர்க்கரையோடு தூவிச் சுருட்டிவிடுங்கள். தேங்காய்த் துருவலையும் இப்படி உள்ளே வைக்கலாம், கோவை பேக்கரியில் டீயோடு தேங்காய் பன் தின்று வளர்ந்தவர்களுக்கு அந்த ருசி எங்கேயோ இழுக்கும். ஆனால் ஈரத் துருவலை அப்படியே வைத்தால் திரி வெடிக்கும், வாணலியில் வறட்டி ஈரத்தைப் போக்கிவிட்டு வையுங்கள்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். வீட்டு ரொட்டியில் கெடாமல் இருக்க எதுவும் போடுவதில்லை, நம் வெயிலில் வெளியே இரண்டு நாள்தான் தாங்கும், மழை நாளில் மூன்றாம் நாளே பூஞ்சை வரும். ஃபிரிட்ஜில் வைத்தால் பூஞ்சை தள்ளிப்போகும், ஆனால் ரொட்டி சீக்கிரம் விறைத்துவிடும். இரண்டில் ஒன்றை அன்றே சாப்பிட்டுவிட்டு, மற்றதை முழுதாக ஆறியதும் துண்டு போட்டு, காற்றுப் புகாமல் கட்டி ஃபிரீசரில் வையுங்கள். வேண்டியபோது எடுத்து அப்படியே தோசைக்கல்லில் சிறு தீயில் வெண்ணெய் தடவிச் சூடாக்கினால் போதும், முன்கூட்டி எடுத்து வெளியே வைக்க வேண்டியதில்லை.